பணம் கட்டுபவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர்

அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் தலைவர், தன்னிடம் வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி மார்ஷல் கோல்ட்ஸ்மித் என்பவரிடம் புலம்பினார். இளம் வயது, கூர்மையான புத்தி, கொடுத்த இலக்கையெல்லாம் எட்டிவிடுகிற ஆள். ஆனால் யாரையும் மதிப்பதில்லை. கூட்டத்தில் அடுத்தவரைப் பேசவிடுவதில்லை. இவரைத் திருத்த முடிந்தால் கம்பெனிக்கு எவ்வளவோ லாபம் என்றார் தலைவர். அப்போது கம்பெனிகளில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த கோல்ட்ஸ்மித், நான் முயன்று பார்க்கட்டுமா என்று கேட்டார். தலைவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வருடம் அவரோடு வேலை செய்கிறேன், மாறினால் பணம் கொடுங்கள், மாறாவிட்டால் ஒரு காசு வேண்டாம் என்றார் கோல்ட்ஸ்மித். அங்கேயே பேரம் முடிந்தது. தன் கோச்சிங் தொழில் பிறந்த கதையாக இதை அவர் மேடைக்கு மேடை சொல்லிவருகிறார்.

இந்தப் பேரத்தில் எல்லோர் கண்ணிலும் படுவது 'இலவசம்'. ஆனால் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. ஆள் மாறிவிட்டார் என்று யார் சொல்வது? மாறவேண்டியவர் சொன்னால் செல்லாது. கோச் சொன்னாலும் செல்லாது. அவருக்குக் கீழே இருப்பவர்கள், சக அதிகாரிகள், மேலதிகாரி என்று முன்கூட்டியே பெயர் குறித்துவைத்த ஆட்கள் சொல்ல வேண்டும். அவர்களிடம் கேட்டு வாங்கிய மதிப்பீடுதான் தீர்ப்பு. பணம் கட்டும் கம்பெனி, எதிரில் உட்காரும் மனிதர், கூலி வாங்கும் கோச் என்று மூன்று பேருக்குள் நடக்கிற தொழிலில், தீர்ப்பை, சுற்றியிருப்பவர்கள் கையில் கொடுத்துவிட்டார் கோல்ட்ஸ்மித்.

கென்டக்கி மாநிலத்தில் 1949-ல் பிறந்தவர் அவர். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, நிர்வாகவியல் ஆசிரியர் பால் ஹெர்ஸி ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, ஒன்றுக்கு இவரைப் போகச் சொன்னார். சம்பளம் அந்த ஒரு நாளுக்கு 1,000 டாலர். கம்பெனிகள் எதற்குப் பணம் தரும் என்ற கணக்கு அவருக்குப் பிடிபடத் தொடங்கிய இடம் அதுதான்.

இன்று நம் ஊரிலும் ஐம்பதை நெருங்கும் மேலாளர்கள் பலருக்கு இந்த ஆசை இருக்கிறது. இருபத்தைந்து வருட அனுபவம் இருக்கிறது, பத்துப் பேரை வளர்த்துவிட்டிருக்கிறோம், வேலையை விட்டுவிட்டுத் தலைவர்களுக்குக் கோச் ஆகிவிடலாம். ஆசையில் தவறில்லை. ஆனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'எந்தச் சான்றிதழ் வாங்கலாம்?' என்பது. முதலில் கேட்கவேண்டியது, யார் பணம் தரப்போகிறார், எதற்காகத் தரப்போகிறார் என்பது.

கூட்டம் பெருகுகிறது, பங்கு பெருகவில்லை

சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகளவில் கணக்கெடுக்கிறது. 2020-ல் வெளியான அறிக்கைப்படி, 2019-ல் உலகில் சுமார் 71,000 கோச்சுகள் இருந்தார்கள். மொத்த வருமானம் சுமார் 285 கோடி டாலர். 2023 அறிக்கையில் கோச்சுகள் 1,09,200 பேர், வருமானம் சுமார் 456 கோடி டாலர். தொழில் ஓஹோவென்று வளர்கிறது என்று பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

வகுத்துப் பாருங்கள். முன்பு தலைக்குச் சுமார் 40,000 டாலர். பின்பு சுமார் 41,800. பணம் எந்த வேகத்தில் உள்ளே வந்ததோ, கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஆட்களும் வந்துவிட்டார்கள். இது ஒரு மணி நேரக் கட்டணமல்ல, வருட வருமானம். அதுவும் சராசரி. உச்சியில் இருக்கும் சிலர் அள்ளிக்கொண்டு போவதையும் சேர்த்துப் போட்ட சராசரி. பகுதி நேரமாகச் செய்பவர்கள் நிறைய என்பதால் எண் கொஞ்சம் தாழ்ந்து தெரிகிறது என்று வாதிடலாம். ஏன் இத்தனை பேர் பகுதி நேரமாகவே நின்றுவிடுகிறார்கள் என்று திருப்பியும் கேட்கலாம்.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டமைப்பின் முதல் நிலைக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். இரண்டாம் நிலைக்கு 125 மணிப் பயிற்சி, 500 மணி அனுபவம். உச்ச நிலைக்கு 200 மணிப் பயிற்சி, 2,500 மணி அனுபவம். அனுபவ மணிகளில் பெரும்பகுதி கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் எச்.ஆர். துறை, கோச்சுகளின் பட்டியல் தயாரிக்கும்போது இந்த அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. ஆக, வாசலில் அது உதவும். உள்ளே உட்காரவைத்து வேலை கொடுப்பது வேறு விஷயம்.

டென்னிஸ் மைதானத்தில் பிறந்த குழந்தை

இந்தத் தொழிலின் வேர் எம்.பி.ஏ. வகுப்பறையில் இல்லை. டிமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் 1974-ல் 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' எழுதினார். மட்டையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தால் ஆட்டக்காரர் குழம்பத்தான் செய்வார். பந்து எங்கே குத்துகிறது என்று கவனிக்கச் சொன்னாலே உடம்பு தானாகச் சரிசெய்துகொள்ளும் என்பது அவர் கண்டது. இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். பரம்பரைப் பட்டம் உள்ளவர், கார் பந்தய வீரர், 1965-ல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்.

விட்மோர் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. டென்னிஸ் வகுப்புக்கு இடத்துக்கு மேல் ஆள் சேர்ந்துவிட, பயிற்சியாளர்கள் போதவில்லை. பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள் இருவரைக் கூட்டிவந்து, டென்னிஸ் சீருடை மாட்டி, கக்கத்தில் மட்டையைக் கொடுத்து, எக்காரணம் கொண்டும் அதை வீசிக் காட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு இறக்கிவிட்டார்கள். டென்னிஸ் தெரிந்த பயிற்சியாளர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஓரிரு சமயம் இவர்களே தேவலை என்றாகிவிட்டது. தெரிந்தவர் தப்பைத் திருத்த முந்துகிறார். தெரியாதவருக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் ஐம்பது வயது மேலாளரை இது உறுத்த வேண்டும். அவர் விற்க நினைப்பது தன் அனுபவத்தை. வந்து உட்காருபவர் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள், 'எங்க பிளான்ட்ல 2008-ல இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு சார்...' என்று ஆரம்பித்துவிடுவார். ஆலோசகராக அவர் நல்ல பெயர் வாங்கலாம். கோச்சாக நிற்பது கஷ்டம்.

நிர்வாகிகளைத் தாண்டித் தனிமனிதர்களிடம் தொழிலைக் கொண்டுபோனவர் தாமஸ் லெனர்ட் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர். 1992-ல் கோச்சுகளை உருவாக்கப் பள்ளி தொடங்கினார். 1995-ல் மேலே சொன்ன கூட்டமைப்பையும் தொடங்கினார். 2003-ல் 47 வயதில் இறந்துபோனார். கோச்சிங் செய்வதைவிடக் கோச்சுகளுக்குக் கற்றுக்கொடுப்பது நல்ல வியாபாரம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. இன்று லிங்க்ட்இன்னைத் திறந்தால் வந்து விழும் விளம்பரங்களில் பாதி அந்த வகைதான்.

'ரெண்டு வரி மட்டும் சொல்லுங்க சார்'

இனி அந்த மூன்று பேர் விவகாரத்துக்கு வருவோம். கம்பெனி பணம் கட்டுகிறது. உதவித் தலைவர் ஒருவர் ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு கோச்சிடம் பேசுகிறார். மூன்றாம் மாதம் எச்.ஆர். தலைவரிடமிருந்து போன் வரும். குரலில் அதிகாரமே இருக்காது, சிநேகம்தான் இருக்கும். 'எப்படிப் போகுது சார்? டீட்டெய்ல் எல்லாம் வேணாம். அவருக்கு இங்க இருக்கிற ஐடியா இருக்கா இல்லையான்னு ரெண்டு வரி மட்டும் சொல்லுங்க. அப்ரைசல் வருது பாருங்க.'

அவர் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பது கோச்சுக்குத் தெரியும். போன வாரம்தான் சொன்னார். பணம் கட்டுபவர் கேட்கிறார். அடுத்த ஆண்டுக்கு நான்கு பேரைத் தருவதாகவும் பேச்சு இருக்கிறது. 'அதை நீங்க அவர்கிட்டயே கேட்டுக்கிறது நல்லது மேடம்' என்று சொல்ல இரண்டு விநாடி தாமதித்தாலே போதும், அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் விஷயம் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகும். அவரோடு அந்த கோச்சின் பெயரும் அந்தக் கட்டடத்தில் முடிந்தது.

விவரம் தெரிந்தவர்கள் இதை முதல் நாளே காகிதத்தில் கட்டிவிடுகிறார்கள். மேலதிகாரி, உட்காரப்போகிறவர், கோச் மூவரும் ஒரே மேஜையில் அமர்ந்து, எந்த இரண்டு விஷயத்தில் மாற்றம் வேண்டும், அது யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதிக்கொள்வார்கள். எத்தனை அமர்வு நடந்தது என்பதைக் கம்பெனிக்குச் சொல்லலாம். அமர்வில் பேசியதைச் சொல்லக்கூடாது. முன்னேற்றத்தைப் பற்றி என்ன சொல்வதானாலும் சம்பந்தப்பட்டவரே அந்த மூவர் கூட்டத்தில் சொல்வார். ஒப்பந்தத்தில் இந்தப் பத்தியை வைக்கச் சம்மதிக்காத கம்பெனியை விட்டுவிடுவதே மேல் என்பேன், அது முதல் வாடிக்கையாளராகவே இருந்தாலும்.

இந்தச் சிக்கலைப் பில் கேம்ப்பெல் வேறு விதமாகத் தாண்டினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1974 முதல் 1979 வரை அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கோச். 12 வெற்றி, 41 தோல்வி. பிறகு ஆப்பிள், இன்டியூட் கம்பெனிகளில் உயர் பதவி. அதன்பின் ஸ்டீவ் ஜாப்ஸ், லேரி பேஜ், எரிக் ஷ்மிட் என்று சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய தலைகளுக்கெல்லாம் அந்தரங்க கோச். 2001-ல் ஷ்மிட் கூகுளுக்கு வந்த புதிதில், கோச் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலீட்டாளர் ஜான் டோயர் சொன்னபோது அவருக்கு ரோஷம் வந்தது. ஏற்கெனவே சி.இ.ஓ.வாக இருந்தவனுக்குக் கோச் எதற்கு என்று நினைத்தார். 2016-ல் கேம்ப்பெல் இறந்த பிறகு அதே ஷ்மிட் இன்னும் இருவரோடு சேர்ந்து 'ட்ரில்லியன் டாலர் கோச்' என்று அவரைப் பற்றிப் புத்தகமே எழுதினார். கோச்சிங்குக்குக் கட்டணம் வாங்க மறுத்தவர் கேம்ப்பெல். சம்பளம் இல்லாதவரிடம் கணக்குக் கேட்க யாருக்கு உரிமை? ஆனால் இன்டியூட் தலைவராக இருந்து சம்பாதித்துவிட்டு வந்தவருக்கு அது கட்டுப்படியானது. வீட்டுக்கடன் பாக்கி இருப்பவர் பின்பற்றும் வழியல்ல.

இன்னொரு அபாயமும் உண்டு. ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ 2009-ல் 140 கோச்சுகளிடம் கேட்டது. சொந்த வாழ்க்கைப் பிரச்சினைக்காகத் தங்களை அமர்த்தியதாகச் சொன்னவர்கள் வெறும் 3 சதவீதம். ஆனால் அப்படிப்பட்ட பிரச்சினைகளில் உதவ நேர்ந்தது என்றவர்கள் 76 சதவீதம். 'டெலிகேஷன்' பற்றிப் பேச வந்தவர் நான்காம் அமர்வில் தூக்கம் வரவில்லை என்பார். ஆறாம் அமர்வில் அழுவார். அதே இதழில் 2002-ல் மனநல மருத்துவ அனுபவம் கொண்ட ஸ்டீவன் பெர்க்லஸ் எச்சரித்தது இதைத்தான்: மன நோயைப் பழக்கக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு 'பயிற்சி' கொடுத்தால் ஆளைக் கெடுத்துவிடுவார்கள். மனநல மருத்துவர் ஒருவரின் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாத கோச், கடையைத் திறக்காமல் இருப்பது நல்லது.

முதல் வருடக் கணக்கு

வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? இணையதளம், லோகோ, விசிட்டிங் கார்டு என்று முதல் மூன்று மாதத்தைக் கழிப்பவர்கள் உண்டு. வேலை வருவது பெரும்பாலும் பழைய உறவில்தான். முன்பு உங்கள் கீழே இருந்தவர் இன்று எங்கோ எச்.ஆர். தலைவர், பக்கத்து அறையில் இருந்தவர் இன்று ஒரு தொழிற்சாலையின் தலைவர். அவர்கள் வாய்ப்புத் தருவார்கள். தந்தாலும் நேரே வேலை கிடைக்காது. உட்காரப்போகிறவர் இரண்டு மூன்று கோச்சுகளை அரைமணி நேரம் சந்தித்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். 'கெமிஸ்ட்ரி மீட்டிங்' என்று பெயர். அசல் பெண் பார்க்கும் படலம். இங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் அந்த அரைமணியில் இருபது நிமிடம் தாங்களே பேசியவர்கள்.

கட்டணத்தை ஓர் உதாரணமாக வைத்துக் கணக்குப் போடுவோம். ஆறு மாதம், பத்து அமர்வு, ஒன்றரை மணி நேரம் வீதம், ஒருவருக்கு 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் 15 மணி நேரம், மணிக்கு 20,000. ஆனால் சுற்றியிருக்கும் எட்டுப் பேரைத் தனித்தனியாகச் சந்தித்து விசாரிக்க ஆறு மணி, மூவர் கூட்டங்களுக்கு மூன்று நான்கு மணி, தயாரிப்பு, குறிப்பு, பயணம் எல்லாம் சேர்த்து 35 மணியை எளிதாகத் தொடும். அப்போது மணிக்கு 8,500 சொச்சம். வருடத்துக்கு எட்டுப் பேர் கிடைத்தால் 24 லட்சம். புதிதாகத் தொடங்குபவருக்கு எட்டு என்பது கனவு எண். அது நடந்தாலும் சான்றிதழுக்குக் கணக்கில் சேரும் அமர்வு நேரம் 120 மணிதான். 500 மணியை எட்ட நான்கு வருடம் தாண்டும்.

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், 18 சதவீதம் வரி போட்டு பில் அனுப்ப வேண்டும். தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். ஆகக் கம்பெனி பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். அதைவிடப் படுத்துவது தாமதம். வெண்டர் பதிவு, பி.ஓ., பிறகு பில், பிறகு 'அக்கவுன்ட்ஸ்ல இருக்கு சார்'. அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்வது இங்கே கைகொடுக்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். கெடு தவறினால் பணம் தரும்வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரி விதியும் சேர்ந்துகொண்டது. பில்லில் உத்யம் எண்ணைப் பார்த்தால் அக்கவுன்ட்ஸ்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்.

வளர்வது எப்படி?

ஒரு மனிதரின் நேரத்தை விற்கும் தொழில் ஓர் அளவுக்கு மேல் வளராது. அதைத் தாண்டியவர்கள் மூன்று பாதையில் போயிருக்கிறார்கள்.

முதல் பாதைக்கு உதாரணம், நிர்வாக ஆலோசகர் ராம் சரண். உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூரில் குடும்பச் செருப்புக் கடையில் வேலை செய்து வளர்ந்தவர். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் பொறியியல், பிறகு ஹார்வர்டில் எம்.பி.ஏ., முனைவர் பட்டம். 1978-ல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, கம்பெனித் தலைவர்களுக்கு ஆலோசனை சொல்வதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். 67 வயது வரை சொந்த வீடு கிடையாது. ஓட்டலுக்கு ஓட்டல் வாழ்க்கை. டல்லாஸில் இருந்த உதவியாளர்கள் வெளுத்த துணியை அவர் போகும் ஊருக்குக் கூரியரில் அனுப்பினார்கள். ஆள் சேர்த்துப் பெரிய கம்பெனி கட்டும் பேச்சுக்கே அவர் போகவில்லை. விலை ஏற ஏற, ஒருவரே நின்றார். மனைவி, மக்கள் உள்ளவர்களுக்கு இந்தப் பாதையைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாம் பாதை கோல்ட்ஸ்மித்துடையது. தன் முறையை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பெயரைப் பரப்பினார். ஆனால் முறைக்கு முதுகெலும்பாக ஆதாரம் சேர்த்துவைத்திருந்தார். ஹோவர்ட் மோர்கனோடு சேர்ந்து எட்டு நிறுவனங்களில் 11,000 மேலாளர்களைப் பற்றி 86,000 பேரிடம் கருத்துக் கேட்டு 2004-ல் எழுதினார். சக ஊழியர்களிடம் திரும்பத் திரும்பப் போய், நான் எப்படிச் செய்கிறேன் என்று கேட்டவர்கள்தான் மேம்பட்டதாக அவர்கள் கண்ணுக்குப் பட்டார்கள். கேட்காதவர்களிடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வேலையைச் செய்பவர் கோச் அல்ல, உட்காருபவர்தான் என்பதால், மாறும் எண்ணமே இல்லாதவரை ஏற்றுக்கொள்வதில்லை என்று கோல்ட்ஸ்மித் வைத்துக்கொண்டார். பணம் முடிவில்தான் என்றவருக்கு ஆளைப் பொறுக்கி எடுப்பதுதான் முதலீடு.

மூன்றாவது, செயலி வழி. சான் பிரான்சிஸ்கோவின் பெட்டர்அப் 2013-லும் பெர்லினின் கோச்ஹப் 2018-லும் தொடங்கின. பெட்டர்அப் 2021-ல் இளவரசர் ஹாரிக்கே பதவி கொடுத்தது. வாடிக்கையாளரைத் தேடி அலையவேண்டிய வேலை கோச்சுக்கு இல்லை, நேரம் குறித்து உட்கார்ந்தால் போதும். புதியவர்களுக்கு மணிக்கணக்குச் சேர்க்க நல்ல இடம். ஆனால் கம்பெனியோடு உறவு செயலிக்குத்தான், கோச்சுக்கு இல்லை. விலையை யார் தீர்மானிப்பார் என்பது சொல்லாமலே விளங்கும்.

தமிழ்நாட்டில் தொடங்குபவருக்கு, இந்த மூன்றைவிட விசேஷமான ஒரு களம் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சிவகாசி, கரூர் என்று விரிந்து கிடக்கிறது: குடும்பத் தொழில்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகன் அல்லது மகள் பொறுப்பேற்கிறார். அப்பா இன்னும் காலை எட்டு மணிக்கு மில்லுக்கு வந்துவிடுகிறார். 'பையனுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க சார், ரொம்ப அவசரப்படுறான்' என்று அவர்தான் செக் எழுதுகிறார். முதல் அமர்விலேயே தெரிந்துவிடும், பையன் கையெழுத்துப் போட்ட ஆர்டரை மாலையில் அப்பா ரத்து செய்கிறார் என்று. இங்கே எச்.ஆர். கிடையாது, மேலதிகாரிதான் தகப்பனார். தேறவேண்டிய ஆள் செக் எழுதியவர். அதைச் சொல்ல வாய் வராதவர் மகனிடம் ஆறு மாதம் 'டைம் மேனேஜ்மென்ட்' பேசிவிட்டுப் போகலாம். சொல்லத் தெரிந்தவரை அந்த அப்பா ஒரு மாதம் கூப்பிட மாட்டார். பிறகு தொழிலதிபர் சங்கக் கூட்டத்திலோ கல்யாண வீட்டிலோ இன்னொரு மில்காரரிடம் அவர் பெயரைச் சொல்வார். விளம்பரம் எதுவும் போகாத இடத்துக்குப் பெயர் போகும்.

கம்பெனிப் பக்கம் போகிறவர்கள் ஒரு தேதியை மறக்கக்கூடாது. பெரும்பாலான இந்தியக் கம்பெனிகளில் பயிற்சிச் செலவுக்கான பட்ஜெட் மார்ச்சுக்குள் எழுதி முடிந்துவிடுகிறது. ஏப்ரலில் போய் எச்.ஆர். தலைவரைப் பார்த்தால் காபி கிடைக்கும்; ஜனவரியில் போனால் அவர் காகிதத்தில் இன்னும் காலி வரி இருக்கும்.